வாசலை அடைத்த பாளம்

அக்கா புருஷனுக்குத் தம்பி தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. காங்கிரீட் அறுக்கும் மெஷின் வாங்கக் கைக்காசு போதாமல் வாங்கியது. மெஷின் வந்து சேர்ந்தது, தொழிலும் ஏதோ ஓடியது, பாக்கி மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

அக்காவுக்குக் கடன் பெரிதில்லை. கடன் வாங்கிய நாள் முதல் தம்பி அவள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்னவில்லை, அதுதான் பெரிது. வருவான், வாசலில் நின்றபடியே பேசுவான், உள்ளே கூப்பிட்டால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடப்பது கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா? உள்ளே போனால் அத்தான் தட்டைப் பார்ப்பார். தட்டைப் பார்த்துவிட்டு அவனைப் பார்ப்பார். வாயைத் திறக்கமாட்டார். அதற்கு நன்றாக நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அவரும் கெட்டவர் இல்லை. கணக்கில் மட்டும் கொஞ்சம் கெட்டி. தெருவில் சில்லறை என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் சிரிப்பார். வீட்டின் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருந்தார்கள். இரண்டு விடுதிகளின் போர்வைகளும் விரிப்புகளும் அந்தக் கடைக்குக் கிடைத்ததும், பீரோ மூன்றைச் சேர்த்து நிறுத்தினாற்போல ஒரு பெரிய துவைக்கும் மெஷினுக்குப் பணம் கட்டிவிட்டார் சில்லறை. கட்டி முடித்த பிறகுதான் கடை வாசலை அளந்து பார்த்தார். மெஷின் அந்த வழியாக நுழையாது. பின்பக்கச் சுவரை அறுத்தால்தான் உண்டு, அதுவோ முழுக் காங்கிரீட்.

முதலில் ஒரு பெரிய கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார். அவன் வந்தான், சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தான், ஒரு தொகையைச் சொன்னான். சில்லறை போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மெஷினைவிட மெஷின் வருகிற வழிக்கு விலை அதிகமாக இருக்கிறதே என்று இரவெல்லாம் புலம்பினார். அக்கா அதற்காகவே காத்திருந்தவள்.

"ஏங்க, காங்கிரீட் அறுக்கிறவன் நம்ம வீட்லயே ஒருத்தன் இருக்கான். அவன் என்ன வெண்டைக்காயா நறுக்கிட்டு இருக்கான்?"

சொந்தக்காரனிடம் வேலை கொடுத்தால் அதட்டவும் முடியாது, விரட்டவும் முடியாது என்று அவர் இழுத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். மெஷின் வந்திறங்குகிற அன்றைக்கே, தெருவிளக்கு எரிவதற்குள் அது உள்ளே போய்விட வேண்டும். போய்விட்டால் பாக்கி முழுவதும் கூலியில் கழிந்தது. போகாவிட்டால் கூலியும் இல்லை, பாக்கியும் அப்படியே. தம்பியைக் கேட்காமலே அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

தம்பி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், கம்பி ஓடுகிற இடங்களில் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். அவனுடைய திட்டம் எளிது. அறுபடுகிற சுவர்ப் பாளத்தைத் துண்டு போடாமல் ஒரே பலகையாக அறுத்துவிடுவது. மெஷினை இறக்க வருகிற கிரேன், முதலில் அந்தப் பாளத்தை வெளியே இழுத்து ஓரமாக வைக்கும். பிறகு மெஷினைத் தூக்கி நேராக அந்தப் புது வாசலில் விடும். பாதி நேரம் மிச்சம், பாதி பிளேடும் மிச்சம். கிரேனை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று அத்தானிடம் இரண்டு தடவை சொன்னான். அவரும் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

அந்த நாள் வந்தது. தம்பியும் அவன் கூட்டாளியும் விடிந்ததும் சாமான்களோடு இறங்கினார்கள். கூட்டாளி நாலு மூலையிலும் துளை போட்டார், கோடு மூலையைத் தாண்டி ஓடிவிடாமல் இருக்க. பிறகு சுவரின் உள்பக்கம் தண்டவாளம் மாதிரி ஒரு இரும்பை அடித்துப் பொருத்தி, அதில் பிளேடை ஏற்றி ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் வீடே பல்லைக் கடித்துக்கொண்டது. தண்ணீர் பாயப் பாயச் சாம்பல் நிறச் சேறு சுவரில் வழிந்தது. கம்பியில் பிளேடு பட்டபோதெல்லாம் சத்தம் கீச்சென்று மாறும். அக்காவுக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயை அவளே பிடித்தாள், சேற்றை அவளே வழித்தாள். எத்தனையோ வருஷம் ஊரார் அழுக்கைத் துவைத்தவள், இப்படி ஒரு அழுக்கில் சந்தோஷமாக நின்றது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தாண்டி நாலு பக்கமும் அறுபட்டது. அடிக்கோட்டில் மர ஆப்புகளைச் செருகி, பாளம் அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும். தம்பி காதடைப்பைக் கழற்றிவிட்டு, கிரேனுக்குச் சங்கிலி மாட்டச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அக்காவும் பின்னாலேயே ஓடினாள்.

அங்கே கிரேன் இல்லை. மெஷின் இருந்தது, பிளேடு சத்தத்தில் உள்ளே யாருக்கும் தெரியாமல் வந்து இறங்கியிருந்தது. மரச்சட்டத்தோடு, அறுத்த சுவருக்கு முன்னால், ஒரு முழ இடைவெளியில், மாப்பிள்ளை மாதிரி நின்றது. பக்கத்தில் சில்லறை, முகமெல்லாம் பல்லாக.

"கரெக்டா வாசலுக்கு நேரா இறக்கச் சொல்லிட்டேன் மச்சான். கிரேனை அப்பவே அனுப்பிட்டேன். ஒரு மணி நேர வாடகை மிச்சம்."

தம்பி பாளத்தைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். பாளம் வெளியே வராமல் மெஷின் உள்ளே போகாது. மெஷின் நகராமல் பாளம் வெளியே வராது. பின்பக்கத் தரை சரிவு, மெஷினைப் பின்னுக்குத் தள்ளினால் பிடித்து நிறுத்த முடியாது. அக்காதான் அதைப் புருஷனுக்கு விளக்கிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் பல் ஒவ்வொன்றாக மறைந்தது. கிரேன்காரனுக்குப் போன் போட்டார். அவன் வேறு வேலையில் ஏறிவிட்டான், நாளைக் காலையில்தான் வருவானாம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பயத்தில் மனுஷனுக்கு வாய் தவறும். பாளத்தை எடுப்பது அறுத்தவன் பொறுப்புத்தானே என்று அவர் முணுமுணுத்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

தம்பி எழுந்தான். வெளியே வராவிட்டால் உள்ளே வரட்டும் என்றான். நின்ற நிலையிலேயே ஆப்பு வைத்து இறுக்கி, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து உள்பக்கம் சாய்ப்பது. கைவசம் ஒரு பிளேடுதான் மிச்சம், அதுவும் பாதி தேய்ந்தது. உள்ளே சாய்ப்பதா என்று சில்லறை அலறினார். தரையில் போன மாதம் பதித்த புது டைல்ஸ். ஒவ்வொன்றையும் அவரே பார்த்துப் பார்த்துத் தட்டி வாங்கியது.

அக்கா உள்ளே போனாள். விடுதியிலிருந்து துவைக்க வந்திருந்த போர்வை மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து சுவருக்கடியில் மெத்தையாக அடுக்கினாள். அவர் வாயைப் பிளந்தார்.

"விடுதிக்காரன் போர்வைடி அது."

"அழுக்குப் போர்வைதானே. எப்படியும் துவைக்கத்தான் வந்திருக்கு."

கூட்டாளி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி பிளேடு ஓடியது. முதல் துண்டு மேலே தனியாகப் பிரிந்தபோது அதைச் சாய்க்கக் கடப்பாரையில் ஆள் போதவில்லை. தம்பியும் கூட்டாளியும் தொங்கினார்கள், துண்டு அசைந்தது, விழவில்லை. எங்கிருந்தோ மூன்றாவதாக இரண்டு கைகள் வந்து கடப்பாரையைப் பிடித்தன. வெள்ளைச் சட்டையோடு சில்லறை. துண்டு பொத்தென்று போர்வைமேல் விழுந்தது. எல்லார் மேலும் சேறு தெறித்தது. தரை அதிர்ந்ததே தவிர உடையவில்லை.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தள்ளு மச்சான், இழு மச்சான், விலகு மச்சான் என்று அவர்தான் மேஸ்திரி மாதிரி சத்தம் போட்டார். விழுந்த துண்டுகளைப் போர்வையில் சுருட்டி நாலு பேருமாக இழுத்துப் போனார்கள். ஒரு போர்வை கிழிந்தது, அக்கா அதை எட்டி உதைத்துவிட்டு அடுத்ததை விரித்தாள். கடைசித் துண்டில் பிளேடு அடியோடு மழுங்கிவிட்டது. தம்பி சுத்தியலும் உளியும் எடுத்து அடித்தான். அவன் தோள் நடுங்குவதை அக்கா பார்த்தாள். பார்த்தும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் அவன் மன்னிக்கமாட்டான்.

சுவரில் வழி திறந்தது. மெஷினுக்கு அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து உருட்டினார்கள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து தோள் கொடுத்தார்கள். மெஷின் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது.

அக்கா தள்ளுவதை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தாள். தம்பியும் விளக்கைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தள்ளினான். பின்னால் முட்டுக்கொடுத்து நின்ற சில்லறை நிமிர்ந்து, கம்பத்தை ஒருமுறை முறைத்தார்.

"எவன்டா அவன், பொழுதோட விளக்கைப் போட்டவன்? தள்ளு மச்சான்."

மெஷின் உள்ளே போய் நிற்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. தம்பி, அறுத்த ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே, விளிம்புக்குச் சிமெண்ட் பூச வேண்டும், கம்பி முனைகளுக்குத் துருப் பிடிக்காமல் மருந்து அடிக்க வேண்டும், நாளை வருகிறேன் என்றான். சில்லறை முழங்கால் போட்டுத் தரையைத் தேய்த்துப் பார்த்தார். மூன்று டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது.

"இதையும் மாத்தணும். மொத்தமா என்ன கேப்பே?"

தம்பிக்கு விளங்கவில்லை. பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றான்.

"எந்தப் பாக்கி? அது இன்னைக்கு வேலையோட முடிஞ்சு போச்சு. மழுங்கின பிளேடு என் கணக்கு. நாளைக்கு வேலைக்கு நாளைக்குக் கூலி. சொல்லு, என்ன கேப்பே?"

தம்பி ஒரு தொகை சொன்னான். அநியாயம் என்றார் அவர். சேற்றோடு சேறாக உட்கார்ந்து இருவரும் பேரம் பேசினார்கள். அக்கா நாலு தட்டு எடுத்து வைத்தாள். தம்பி பேரத்தை விடாமலே கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.