ஷட்டருக்கு உள்ளே இருந்தவர்கள்

எங்கள் வரிசைக் கடைகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஊரின் நடுவில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் சின்னச் சின்னக் கடைகள். முனையில் டீக்கடை. அடுத்தடுத்து கண்ணாடிச் சட்டம் போடுகிறவர், சாவி வெட்டுகிறவர் என்று போய்க் கடைசியில் நாங்கள். என் கணவர் பை தைப்பவர். ஜிப்பு மாற்றுவார், பெட்டிக்குச் சக்கரம் போடுவார், பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைச் சேர்ப்பார். வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. அதனால் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சமாக நடைபாதையில் இறங்கியிருந்தோம். நகராட்சி வண்டி வந்தால் வெளியே இருப்பதை அள்ளிக்கொண்டு போய்விடும்.

டீக்கடைக்காரருக்கு எங்கள் வரிசையில் ‘கேமரா’ என்று பெயர். தெருமுனையில் வண்டி திரும்புவது கண்ணில் பட்டதும் கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் வெளியே இருப்பதெல்லாம் உள்ளே போகும், ஷட்டர்கள் சரசரவென்று இறங்கும். நாங்கள் உள்ளேயே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். வண்டி போனதும் மறுபடி ஒரு தட்டு. சில நாள் வாடிக்கையாளரும் உள்ளே மாட்டிக்கொள்வார்.

“பயப்படாதீங்க, உங்களைக் கடத்தலை. ஜிப்பு மாத்தி முடிச்சதும் விட்டுடுவோம்” என்பார் என் கணவர்.

பிறகு ஊர் நடுவையே மாற்றிக் கட்டப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போகிறது, இங்கே அகலச் சாலை, பூங்கா, பல மாடிக் கட்டடம். இப்போது நடந்துகொண்டிருக்கும் கடைகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்கு மட்டும் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இடம் தருவார்களாம். ஊரிலிருந்து தங்கை கேட்டபோது, “இடம் நிச்சயம், இனிமேல் மழைக்கு ஒழுகாத கடை” என்று நான்தான் போனில் பெருமையடித்தேன்.

கணக்கெடுப்பவர்கள் தனி ஜீப்பில் கோட்டும் சூட்டுமாக வருவார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அவர்களை நகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேமரா வண்டியைப் பார்த்தார். தட்டினார்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். ஒரு பெண் குரல். “உள்ளே யாராவது இருக்கீங்களா?”

என் கணவர் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். திரும்பத் திரும்பக் கேட்டது குரல். எனக்குத் தும்மல் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்து அடக்கினேன். அடக்கிவிட்டோம் என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

வண்டி போன பிறகு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பயன்பாட்டில் இல்லை.’ எதிர் வரிசைக்காரர்கள் நடைபாதையில் எதுவும் வைக்காதவர்கள், ஒளிய வேண்டிய தேவை இல்லாதவர்கள். அவர்கள் கடைகளின் நெற்றியில், கணக்கில் சேர்ந்ததற்கு அடையாளமாக, நீல எண்கள் பளிச்சென்று இருந்தன.

“வண்டி வந்துச்சு, தட்டினேன். வண்டிக்குள்ளே யாருன்னு நான் ஜோசியமா பார்க்க முடியும்?” என்றார் கேமரா.

“இத்தனை வருஷமா ஒரு தடவைகூடத் தப்பாம தட்டினியே, அன்னிக்கு ஒரு நாள் தூங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார் சாவிக்காரர்.

அதன் பிறகு கேமரா டீயைக் கரண்டியால் கலக்குவதையே விட்டுவிட்டார். ஆற்றி ஆற்றியே சர்க்கரையைக் கரைத்தார்.

இனிமேல் ஷட்டரை இறக்குவதே இல்லை என்று எல்லோரும் முடிவு செய்தோம். விடுமுறையிலும் திறந்தோம். காய்ச்சலோடு திறந்தோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் என் கணவர் நல்ல பையையே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார், போகிறவர் வருகிறவர் கண்ணில் வேலை நடப்பதாகப் படட்டும் என்று. ஒரு நாள் நகராட்சி அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து ஒவ்வொரு கடையாகப் படம் எடுத்தார். மறுபடி கணக்கெடுக்கச் சொல்லி நாங்கள் கொடுத்திருந்த மனு வேலை செய்துவிட்டது என்று நினைத்து நான் தலையைக் கூட வாரிக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்தப் படங்கள் எதற்கு என்று தெரிந்தது.

“கணக்கெடுத்த அன்னைக்கு இந்த வரிசை காலி. இப்போ ஆள் இருக்குன்னா, அப்புறமா பூட்டை உடைச்சு நுழைஞ்சவங்கன்னுதானே அர்த்தம்? படமே இருக்கும்மா” என்றார் மேசைக்காரர்.

“என் கடைக்குள்ள நானே நுழைஞ்சேனா?” என்றார் என் கணவர்.

“காலிக் கடைக்குள்ள நுழைஞ்சிருக்கீங்க.”

மேசைக்காரர் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், கட்டப்போகிற புது ஊர் நடு பொம்மையாக நின்றது. விரல் நகம் அளவு மரங்கள், அரிசி அளவு மனிதர்கள். என் கணவர் குனிந்து தேடினார்.

“இதுல எங்க கடை எது சார்?”

மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “அங்கே ஒரு பெஞ்ச் வருது.”

“பரவாயில்லை, கால் வலிச்சா உட்கார்ந்துக்கலாம்” என்றார் என் கணவர்.

கணக்கெடுப்பு அன்று எங்கள் ஷட்டரைத் தட்டிய அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தது நான். வேறொரு தெருவில், கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். சின்னப் பெண். கடையைச் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“உள்ளே ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சுக்கா. அதனாலதான் அத்தனை தடவை கூப்பிட்டேன்.”

“அப்போ ஆள் இருக்குன்னு தெரியும்ல? போட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டு, பதில் வந்தாத்தான்க்கா இதுல அடுத்த கேள்வியே வரும். ஃபேன் ஓடுதுன்னு போட இடம் இல்லை.”

“இப்போ சொல்றேன். நாங்க உள்ளேதான் இருந்தோம்.”

“இப்போ நான் கேக்கலையேக்கா” என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து வார்த்தைக்கு வார்த்தை அவரிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். “அப்போ அவங்க மறுபடி கேக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

இடிக்கும் இயந்திரம் ஒரு காலை நேரம் வந்தது. அதைப் பார்த்துக் கேமராவின் கை தன்னால் டம்ளருக்குப் போனது. பாதியில் நிறுத்தி, டம்ளரைக் கீழே வைத்தார். வரிசையில் எல்லோரும் சாமானை வெளியே இழுத்துக்கொண்டிருந்தோம். நான் நூல்கண்டுப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் ஷட்டர் சரசரவென்று இறங்கியது. உள்ளிருந்து கொக்கி மாட்டும் சத்தம்.

“என்னங்க!”

“நீ போய் டீ குடி” என்றார் உள்ளேயிருந்து.

முனையில் டீக்கடைச் சுவர் விழுந்தது. எல்லாக் கடைக்கும் சுவர் பொது. ஒன்றை அடித்தால் வரிசை முழுக்க அதிரும். எங்கள் ஷட்டரின் அடி இடுக்கு வழியாகப் புழுதி வந்தது. கூரையிலிருந்து சிமெண்டுத் துண்டு ஒன்று தகரத்தின் மேல் விழுந்து உருண்டது. நான் ஓடிப்போய் டேப்லெட்டோடு நின்ற அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் ஷட்டரைத் தட்டினார்.

“உள்ளே யாராவது இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது பிள்ளை சொல்வதைப் போல.

“யார் நீங்க?”

“பை தைக்கிறவன். அன்னைக்கும் இருந்தேன். என் வீட்டுக்காரியும் இருந்தா. எழுதிக்குங்க.”

“வெளியே வாங்க, பேசிக்கலாம்.”

“எழுதிட்டீங்களா?”

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இந்தக் கடையோட எண்ணே இப்போ இதுல இல்லைம்மா. எதுல எழுதறது?” என்றார் மெதுவாக. பின்னால் இயந்திரம் ஓட்டுகிறவர் என்ஜினை அணைக்கவில்லை. அதன் அதிர்விலேயே எங்கள் ஷட்டருக்கு மேலே இருந்த கல்லில் விரிசல் ஒன்று நீண்டுகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க நீண்டது.

நான் மண்டியிட்டு, இடுக்கில் வாயை வைத்தேன். “என்னங்க, மேலே கல்லு விரிசல் விடுது. வந்துடுங்க.”

“அவர் எழுதினாரான்னு பார்த்துச் சொல்லு. நீ சொன்னா வரேன்.”

அதிகாரியின் விரல் டேப்லெட்டின் மேல் அசையாமல் இருந்தது.

“எழுதிட்டார்” என்றேன்.

உள்ளே கொக்கி கழன்றது. ஷட்டர் இடுப்பளவு ஏறியது. கையில் பாதி தைத்த பையோடு குனிந்து வெளியே வந்து, முதலில் அதிகாரியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் படித்துப் பழகியவர். கை உடனே ஷட்டருக்குப் போனது. அதற்குள் காவலர் ஒருவர் அதன் கைப்பிடியைப் பிடித்து முழுக்க மேலே தள்ளிவிட்டார்.

கடை திறந்து கிடந்தது. அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். “காலி” என்று இயந்திரத்துக்குக் கை காட்டினார்.