டெஸ்ஸின் இடுப்பில் வைத்த குதிகால்

இப்போதெல்லாம் எவனும் தன் உடம்பு சொல்வதைக் கேட்பதில்லை. முதுகு வலித்தால் எக்ஸ்ரே படம் எடுக்க ஓடுகிறான். எடுக்கும்வரை நன்றாக நடந்தவன், எடுத்தபின் நொண்டுகிறான். நான் பள்ளிக்கூடம் போனது ஆறு வருஷம். ஆட்டு மயிர் கத்தரித்தது நாற்பத்தொன்பது வருஷம். எதை நம்புவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டெஸ் விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்து இடத்தில் நின்று கத்தரித்தவன் டெஸ். டார்லிங் ஆற்றுக்கு மேற்கே நாங்கள் போகாத கத்தரிப்புக் கொட்டகை இல்லை. மணி அடித்தால் குனிவோம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தால் நிமிர்வோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை. குனிந்திருக்கும்போது நெஞ்சைத் தாங்க, உத்தரத்திலிருந்து ஸ்பிரிங்கில் ஒரு வார் தொங்கும். அதில் சாய்ந்திருக்கும்வரை டெஸ்ஸுக்கு வலியே கிடையாது. நிமிர்ந்தால் உயிர் போகும். இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தமாதிரி இருக்கிறது என்பான்.

"வேல செய்றப்ப வலிக்கல, சும்மா நின்னா வலிக்குது. அப்ப எதுடா மருந்து?" என்றேன்.

கொட்டகை முழுக்கத் தலையாட்டியது. முதுகைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி நோரீன் விடவில்லை. டவுனுக்கு இழுத்துப்போய்ப் படம் எடுக்கவைத்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அலானா என்ற பெண், முதுகெலும்பின் கடைசிக் கண்ணி முன்பக்கமாக வழுக்கியிருக்கிறது என்றாளாம். அதைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய எலும்பு சின்ன வயதிலேயே விரிசல் விட்டிருக்கலாம், இத்தனை வருஷ வேலையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது என்றாளாம். குனிந்தால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது, அதனால் வலி அடங்குகிறது, எலும்பு திரும்பிப் போவதில்லை என்றும் சொன்னாளாம். பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. மூன்று மாதம் வேலை கூடாது, வயிற்றுத் தசைக்குப் பயிற்சி, பின்னால் வளையக் கூடாது, யாரும் முதுகை அழுத்தக் கூடாது. தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் தன்னிஷ்டத்துக்குப் போனாலோ, நின்றாலோ, அந்த நிமிஷமே கிளம்பி வரவேண்டும்.

டெஸ் மூன்று வாரம் வீட்டில் இருந்தான். சீசன் நேரம், வந்துவிட்டான். டீ நேரத்தில் பலகைத் தரையில் மல்லாந்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடப்பான்.

"என்னடா டெஸ், தலப்பிரசவமா? வெந்நி போடச் சொல்லவா?" என்றேன்.

"சிரி மெர்வ், சிரி. நாளைக்கு நீயும் இப்படித்தான் கெடப்ப."

"நான் மல்லாந்தா பெட்டியில வச்சு மூடிருவானுங்க. பயிற்சியெல்லாம் எதுக்கு?"

பிடித்துக்கொண்ட முதுகுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குப்புறப் படுக்கவேண்டும். கொட்டகையில் மூத்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் குதிகாலை வைத்து முழுப் பாரத்தையும் இறக்கவேண்டும். மூத்தவன் நான்தான். வேண்டாம் என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது டெஸ்ஸால் நிமிர முடியவில்லை. வாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தான்.

"படுடா" என்றேன்.

"வேணாம் மெர்வ். அழுத்தக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிருக்கு."

"அந்தப் பொண்ணு ஒரு ஆட்டயாவது கத்தரிச்சிருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெஸ் என்னைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். பிறகு குப்புறப் படுத்தான்.

மிதித்தேன். டொக்கென்று ஒரு சத்தம். டெஸ் மெல்ல எழுந்து நேராக நின்றான். கைதட்டினார்கள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மதியத்துக்குமேல் நாலாவது ஆட்டைப் பிடித்திருந்தான். பாதியில் மெஷினை நிறுத்திவிட்டான். ஆடு நழுவி, கத்தரித்த மயிரைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடியது.

"மெர்வ், என் காலு எங்கடா?"

அவன் கால்சட்டை நனைந்திருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அவ சொன்னது இதத்தான்" என்றான்.

நூற்றுநாற்பது கிலோமீட்டர் மண்ரோடு. வண்டியின் பின்பக்கம் கம்பளிக் குவியல்மேல் படுக்கவைத்து ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. டவுனிலிருந்து விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்றைக்கே அறுத்து, நரம்பை விடுவித்து, எலும்பைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள்.

ஏழு வாரம் கழித்து டவுன் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். இடது பாதம் தொங்கியது. அதைத் தூக்கிப்பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி. கட்டில் ஓரத்தில் மூத்திரப் பை. நோரீன் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள். நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

அலானா முதலில் எடுத்த படத்தைக் காட்டினாள். அடுக்கிவைத்த கண்ணிகளில் ஒன்றுமட்டும், பாதி இழுத்த மேசை டிராயர்போல முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. படம் யாருடையதாகவும் இருக்கலாம். பேர் எழுதிவிட்டால் ஆயிற்றா?

"நான் மிதிச்சதுதான் காரணமா?" என்றேன்.

"அதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அவரு வேலைக்குத் திரும்பினதே தப்பு. ஆனா அந்த எடத்துல ஒரு ஆள் பாரம் எறங்கவே கூடாது."

"காலு வருமா?"

"கொஞ்சம் வரலாம். மூத்திரம் பழையபடி ஆகுமான்னு தெரியல. கத்தரிப்பு இனிமே இல்ல."

டெஸ் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"திங்கக்கெழம கொட்டகைக்குத்தான போற? குதிகால் இனிமே கெடயாதுன்னு சொல்லிரு. நீ சொன்னாத்தான் கேப்பானுங்க."

"நாப்பது முதுகாவது மிதிச்சிருப்பேன்டா. எல்லாவனும் எந்திரிச்சு நடந்தான்."

"நான் நடக்கல."

தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

வாசல்வரை அலானா கூடவே வந்தாள். "நீங்களும் குனிஞ்சேதான் நடக்கறீங்க மெர்வ். நிமிந்தா காலு இழுக்குதா? ஒரு படம் எடுத்துப் பாத்துருவமா?"

"வயசு" என்றேன்.

கார் நிறுத்துமிடம் தூரம். பாதி வழியில் இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை சுரீரென்றது. யாரோ ஒருவரின் காரில் கையூன்றிக் குனிந்தேன். உடனே விட்டது. குனிந்தால் விடுகிறது. பிறகென்ன? திங்கட்கிழமை ஆறு பேர் கொட்டகையில் காத்திருப்பார்கள், அதில் எவனுக்காவது முதுகு பிடித்திருக்கும். என் வண்டியைப் பார்த்து நடந்தேன்.