வலது கண்ணில் வளர்ந்த பூஞ்சை

முருகம்மாளின் வலது கண் சிவந்ததும் எல்லாரும் அலுமினியப் பொடியின் தலையில்தான் பழியைப் போட்டார்கள். சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்குத் தும்மல் வந்தால்கூட அந்தப் பொடிதானே காரணம்! ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள், அவளும் நம்பித் தொலைத்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றில் தம்பியின் மிளகாய்த் தோட்டத்தில் எரு வீசியபோது, காற்று திரும்பி முகத்தில் அடித்திருந்தது. அதை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்த பிறகுதான் மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார்கள். வார்டில் சேர்த்து, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். கணவன் முனியராஜ் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து மருந்து விட்டான். பாழாய்ப்போன புள்ளி பெருத்துக்கொண்டே போனது.

"இன்னும் ஒரு வாரம் பாப்போம். கேக்கலைன்னா கண்ணை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். முருகம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அங்கே ஆய்வகத்தில் பானுப்பிரியா என்று ஒரு பெண். மருந்து ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. சுரண்டியதில் மிச்சமிருந்த துளியிலிருந்து பூஞ்சையின் மரபணுவைப் பிரித்து, இனத்துக்கு இனம் மாறுகிற அடையாளப் பகுதியைப் படித்துப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இது அவர்கள் நினைத்த பூஞ்சையே இல்லை. நேரே வார்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, கண்ணு நோகுறதுக்கு முந்தி மண்ணு, எரு ஏதாச்சும் பட்டுச்சா?"

"எரு பட்டுச்சு தாயி. நான் கம்பெனிப் பொடின்னுல்ல நெனச்சேன்."

"மண்ணுல இருக்குற பூஞ்சைக்கா இது. இப்ப விடுற மருந்துக்கு அசையாது. இதுக்குன்னு வேற மருந்து இருக்கு."

டாக்டர் அன்றைக்கே மருந்தை மாற்றினார். ஐந்தாம் நாள் வலி விட்டது. மூன்றாம் மாதம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு முனியராஜைப் பார்த்தாள்.

"ஒங்க மீசையில இருக்குற நரைகூட இந்தக் கண்ணுக்குத் தெரியுதுங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமையே இருக்கன்குடி மாரியம்மனுக்கு, கண் சுகமானவர்கள் சாத்துகிற வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போனார்கள். பூசாரி பேர் கேட்டார்.

"பானுப்பிரியா" என்றாள் முருகம்மாள்.

"கண்ணு நொந்தது அவுகளுக்கா?"

"நொந்தது எனக்கு, சாமி. அவுக கண்ணுதான் நல்லா இருக்கணும். இன்னும் எம்புட்டுப் பேருக்குப் பாக்கணும்."