உப்புத் தண்ணீரில் முளைத்த மலை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் தும்மல் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் தும்மினால் மூன்று அறை தள்ளியிருக்கும் தராசு நடுங்கும். கொஞ்சம் மனசு வைத்துத் தும்மினால் கட்டடமே இரண்டடி நகர்ந்திருக்கும். சளிக்குப் பயந்து காலையிலிருந்து மாலை வரை வைட்டமின் சி மாத்திரையைச் சப்பிக்கொண்டே திரிவார்.

அவர் செய்துகொண்டிருந்த சென்சாரும் அதே வைட்டமினைக் கண்டுபிடிக்கத்தான். கார்பன் பூசிய சிறு பட்டையைப் பழச்சாற்றில் இறக்கி மின்சாரம் கொடுத்தால், வைட்டமினுக்குத் தக்கபடி திரையில் கோடு மலைபோல் எழும். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் கோடு சமர்த்தாகப் படுத்துக்கிடக்க வேண்டும்.

இரண்டு வாரமாக அது படுக்க மாட்டேன் என்றது.

"எல்லாம் பீக்கர் கழுவுற லட்சணம் சார்!" என்று தும்மல் சார் இயக்குநரிடம் போட்டுக்கொடுத்தார். பீக்கர் கழுவும் அக்காவை வேலையை விட்டு அனுப்பக் கடிதமே தயாராகிவிட்டது. கையெழுத்துப் போடுமுன் இயக்குநர் ஒருதரம் நேரில் பார்க்க வந்தார்.

அக்கா புது பீக்கர் ஒன்றை உறை பிரித்து, மேசையிலிருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தார். "இத நான் கழுவவே இல்ல. இதுல பாருங்க சார்."

தும்மல் சார் பட்டைகள் அடுக்கிய கட்டு ஒன்றை எடுத்தார். ஒட்டிக்கிடந்தவற்றைப் பிரிக்க, வழக்கம்போல் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பட்டையின் கறுப்பு முனையில் தேய்த்தார். தண்ணீரில் இறக்கினார். எழுந்தது மலை! உச்சியில் பனி பெய்யாததுதான் பாக்கி.

வாயிலிருந்த மாத்திரை பல்லில் பட்டுக் 'கடக்' என்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இயக்குநருக்கு உறைக்கவில்லை. "தண்ணி யாரு கொண்டுவந்தது?"

"நான்தான் சார்," என்றார் அக்கா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிவிடலாம். ஆனால் தும்மல் சாரின் காது இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தன. மாத்திரையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"சார்... அது என் எச்சில். மாத்திரை சப்புற வாயில வச்ச விரலால பட்டையத் தொட்டுட்டேன். ரெண்டு வாரமா என் வாயத்தான் அளந்துட்டிருக்கேன்."

இயக்குநர் கடிதத்தை நான்காகக் கிழித்துவிட்டு வெளியேறினார்.

"நீங்க நக்குறத தினமும் பாக்குறேன்," என்றார் அக்கா. "படிச்சவரு, அதுவும் ஆராய்ச்சில சேர்த்திதான்னு நெனச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

அன்று மாலை தும்மல் சார் பீக்கர்களையெல்லாம் அக்கா கையிலிருந்து வாங்கித் தானே கழுவினார்.

அக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடியில சோப்பு நிக்குது. திரும்பக் கழுவுங்க."

தலை நிமிராமல் திரும்பக் கழுவினார்.