இம்பால் மண்

பாடையைத் தூக்கும் நேரத்தில் ராஜாத்தி உள்ளே ஓடி, சாமி அலமாரியிலிருந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து மகன் கையில் திணித்தாள்.

“குழியில மொதல்ல இதத் தூவு கண்ணு. அப்புறந்தான் நம்மூரு மண்ணு விழணும். உங்கப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காரு.”

சுரேந்தர் தலையை ஆட்டினான்.

அப்பா எல்லப்பன் தன் அப்பனைப் பார்த்ததே இல்லை. அவர் வயிற்றில் இருக்கும்போதே பட்டாளத்துக்குப் போனவர், வெள்ளைக்காரன் சண்டையில் மணிப்பூர்ப் பக்கம் செத்துப்போனார். இம்பாலில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறதென்று சுரேந்தர்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். அதோடு விட்டிருக்கலாம். கம்பெனி வேலையாகக் கவுகாத்தி போகும்போது அங்கேயும் போய் மண் எடுத்து வருகிறேன் என்று வாக்கு வேறு கொடுத்தான். கவுகாத்தியில் மெஷின் பொருத்தி முடிப்பதற்குள் உடம்பு விட்டுப்போயிற்று. நேரே பெங்களூருக்கு விமானம் ஏறிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் கெலவரப்பள்ளி அணைக்கரையில் வண்டியை நிறுத்தி இரண்டு கை மண் அள்ளினான்.

அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அமாவாசைதோறும் அதன்முன் சூடம் ஏற்றினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அந்தச் சோற்றை அப்பா ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லத்தான் வாய் வரவில்லை.

சொந்த நிலத்து ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். அப்பாவை இறக்கியதும் சுரேந்தர் முடிச்சை அவிழ்த்துத் தூவினான்.

“பெத்தா இந்த மாதிரி புள்ளயப் பெக்கணும்” என்றார் பின்னால் யாரோ. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்பாவின் பங்காளி சின்னராஜ் அவன் கையைப் பிடித்தார். “எல்லாத்தையும் போட்றாத சாமி. எனக்குக் கொஞ்சம் வை.”

“உங்களுக்கு எதுக்கு சித்தப்பா?”

“எங்கப்பனும் உங்க தாத்தனும் ஒண்ணாத்தான பட்டாளத்துக்குப் போனாங்க. எங்கப்பன் பேரு எந்தக் கல்லுலயும் இல்லன்னு நீதான பாத்துச் சொன்ன. அங்கதான் எங்கியாச்சும் கெடப்பான். நான் போறப்ப என் மேலயும் இது விழட்டும்.”

“சித்தப்பா, இது…”

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் அப்பாவின் முகம் இன்னும் மூடப்படவில்லை. சின்னராஜ் துண்டை விரித்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

“…ஈரம் படாம வச்சுக்கோங்க” என்றான்.

மிச்சத்தை அதில் தட்டினான். கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. சின்னராஜ் குத்தவைத்து உட்கார்ந்து, ஊர் மண் கலந்துவிடாமல், அதை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டில் பொறுக்கிப் போடத் தொடங்கினார்.