வண்டி வராத ஒரு மணி நேரம்

கொட்டிவாக்கம் குப்பத்தில் மாலை வகுப்பு நடத்தும் டெல்பின் டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டினார். "பசங்களுக்கு என்ன வேணும்னு பசங்களையே கேப்போம்" என்றார்.

ஊஞ்சல், சறுக்குமரம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மீன் விற்கும் சொர்ணத்தின் மகள் நிலா எழுந்து, "சாயங்காலத்துல வண்டி வராம இருந்தா போதும் டீச்சர். ஓடி வெளாட பயமா கீது" என்றாள். போன மாதம்தான் ஒரு பைக் இடித்து அவள் முழங்காலில் தையல் போட்டிருந்தார்கள்.

"அப்ப நாங்க இன்னா, பறந்து வர்றதா?" என்று ஆட்டோ ஓட்டும் அம்மாசி சத்தம் போட்டார்.

சொர்ணம் விடவில்லை. "ஒரு மணி நேரந்தானேண்ணே? உன் பொண்ணுந்தான் வெளாடப் போவுது."

அம்மாசி தன் மகள் விஜியைப் பார்த்தார். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவரே ஆட்டோவைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தினார். பெண்கள் தெருவைப் பெருக்கினார்கள். டீச்சர் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டார். பைக்கில் வந்தவர்கள் முனகிக்கொண்டே இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

சனிக்கிழமை விஜி, "நைனா, நீயும் வா" என்று அம்மாசியைக் கட்டத்துக்குள் இழுத்தாள். அவர் பேன்ட்டை மடித்துவிட்டு ஒற்றைக்காலில் தாண்டினார். மூன்றாவது கட்டத்திலேயே கோட்டை மிதித்துவிட்டார்.

"அவுட்டு!" என்று தெருவே கத்தியது.

"இன்னொரு வாட்டி, ப்ளீஸ்" என்று அவர், ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நிலாவிடம் கெஞ்சினார்.