நாலு நிமிடப் பாட்டு ஐந்து நிமிடம் ஓடியது

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பழைய இசை நாடகங்களையும் ராக் ஆல்பங்களையும் திரும்பக் கேட்டு மாதம் ஒரு பத்தி எழுதுகிறேன்; பதினொன்று வந்துவிட்டன. பன்னிரண்டாவதாக ஆசிரியர் கொடுத்தது, லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருத்தியைப் பற்றிய இசை நாடகத்தின் ஆல்பம். மேடையிலும் ஆல்பத்திலும் பாடியவள் என் மனைவி. ஆசிரியர் புதியவர், பாவம், அவருக்கு அது தெரியாது.

தொடக்கம் ஒன்று: "இருபத்தாறு வருடங்களுக்கு முன் இந்த ஆல்பத்தை நான் கிழித்துத் தொங்கவிட்டபோது..."

(வேண்டாம். பீற்றிக்கொள்வதுபோல் இருக்கிறது. அப்போது பீற்றிக்கொள்ளத்தான் செய்தேன்.)

தொடக்கம் இரண்டு: "குரல் என்பது

(அடித்துவிட்டேன். குரலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பதுதான் இப்போது கேள்வியே.)

2

அன்று எழுதியது இது: "கனத்த குரல். பாட்டுக்குப் பின்னால் அரைத்தூக்கத்தில் நடந்து வருகிறது. யாராவது இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்."

நாலு பேர் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"டீ குடிச்சுட்டேன். இப்ப இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க."

ஒரு தடவை கேட்டதே போதும் என்றேன். சிரித்துவிட்டாள். அடுத்த வருடம் கல்யாணம்.

(இங்கே ஒரு காதல் கதைக்கு இடம் இருக்கிறது. ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.)

அதன் பிறகு அவள் பாடவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறாள். இவரை எப்படிக் கட்டிக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார், பொய் சொல்ல வராது என்பாள். அதை வருத்தமில்லாமல் சொல்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

3

போன செவ்வாய்க்கிழமை மதியம், அவள் கடையில் இருந்தாள். பழைய குறிப்பேட்டை விரித்துக்கொண்டு, கைபேசியில் ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டு ஐந்து நிமிடம் என்று குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருந்தது. பாட்டு நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, கடைசிவரை எல்லாப் பாட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

அந்தக் காலத்தில் விமர்சனத்துக்கு வரும் கேசட்டுகளைப் பேட்டி எடுக்கும் ரெக்கார்டரில்தான் கேட்போம். பேட்டியை டைப் செய்ய வசதியாக, வேகத்தைக் குறைக்க அதில் ஒரு குமிழ் உண்டு. யாரோ டைப் செய்துவிட்டு, குமிழைத் திருப்பி வைக்காமல் போயிருக்கிறார்கள்.

(யாரோ இல்லை. முந்தின நாள் பேட்டி என்னுடையது. இந்த வரியை விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.)

அரைத்தூக்கத்தில் நடந்து வந்தது ரெக்கார்டர்.

4

முடிவு அ: சொல்லாமல் விட்டுவிடுகிறேன். (பொய் சொல்ல வராத ஆள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டான்.)

முடிவு ஆ: சொல்கிறேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். (எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது. அதனாலேயே கூடாது.)

முடிவு இ: சொல்கிறேன். அவள்

(நாலு தடவை தொடங்கிவிட்டேன், மேலே போகவில்லை. தன் தொண்டையைவிட என் காதை நம்பியவள். எனக்குப் பயமாக இருக்கிறது.)

5

நான் எழுதுவது எதுவும் அவள் பென்சிலோடு படிக்காமல் வெளியே போனதில்லை. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. ஆகவே மேலே உள்ள நாலு பகுதிகளையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து இதை எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது.

படித்துவிட்டாள். இன்னொரு தடவையும் படித்தாள். ஏதோ ஒரு எழுத்தைத் திருத்தினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. மெஷின் இருக்கு, நீங்க பயந்தது இருக்கு. சரியான வேகத்துல கேட்டீங்களே, நான் எப்படிப் பாடியிருக்கேன்? அது மட்டும் எங்கயும் இல்லையே."

மேலே எழுதியதில் போய்த் தேடினேன். நீங்களும் தேடிப் பாருங்கள், இல்லை.

பதில் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். போன தடவை அவளிடம் சொல்லும் முன்பே உங்களிடம் சொல்லிவிட்டேன்.